புளோயரின் புகைக்குழாய்

காற்றைப் பற்றிப் புளோயர் கவலைப்பட்ட அளவுக்கு இந்த உலகத்தில் வேறு எவரும் கவலைப்பட்டதில்லை. அதற்காகவே சம்பளம் வாங்குகிற வானிலை அதிகாரிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டீக்கடைக்கு வந்தால் முதலில் ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு உயர்த்திப் பிடிப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்வார். பீடி குடிக்கிறவர்கள் அவர் விரலைப் பார்த்ததுமே எழுந்து இடம் மாறிக்கொள்வார்கள். ஒரு கல்யாணத்தில் இலை போட்ட பிறகு, "இங்கன உக்காந்தா அடுப்புப் புகை பூராம் சாம்பார்ல எறங்கும்" என்று ஒரு பந்தியையே எழுப்பி எதிர் வரிசையில் உட்கார வைத்தார். எழுந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமனும் ஒருவர். கோபத்துக்குப் பேர்போன அவரும் மறுபேச்சு பேசாமல் இலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் அவருக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் தெரியாது. மலை மேல் ஏலக்காய்த் தோட்டங்களில் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டிடத்தை ஸ்டோர் என்பார்கள். கீழே அடுப்பு எரியும். மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். அடுப்பின் சூட்டைத் தட்டுகளுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஊதித் தள்ளுகிற பெரிய விசிறிப் பெட்டிக்குப் பெயர்தான் புளோயர். முப்பது வருடம் மலையேறி அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர் என்பதால் பெட்டியின் பெயர் இவருக்கு வந்துவிட்டது. அவர் மனைவியே, "புளோயரக் கூப்புடு, சோறு ஆறுது" என்றுதான் சொல்லுவார்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் மகள் பவிக்கு அப்போது பத்து வயது. அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி ஆகாது, புகை ஆகாது, சில நாட்களில் எதுவுமே ஆகாது. இரவு அவள் மூச்சு விடுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே தூங்கிப் பழகியவன் நான். வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்காமல் பக்கத்து வீட்டில் விறகு அடுப்பு உண்டா என்று கேட்கிற ஆள். அந்தத் தெருவில் எங்கள் வீடு, அதற்கு மேற்கே புளோயர் வீடு, அதற்கு மேற்கே இரண்டு காலி மனை, அப்புறம் வயல், அப்புறம் மலை. விறகு அடுப்பு எங்கேயும் இல்லை. அதனால்தான் குடி போனோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். கொஞ்சநஞ்சமாக அல்ல, வயிறு காந்துகிற அளவுக்கு.

ஒரு நாள் பவி என்னிடம், "அப்பா, காத்து ஏன் கண்ணுக்குத் தெரியல?" என்று கேட்டாள். ஓர் இயற்பியல் ஆசிரியரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருநாள் வராது. மூலக்கூறில் ஆரம்பித்தேன். ஒளி, அலைநீளம், சிதறல் என்று அரை மணி நேரம் போனேன். கரும்பலகை இல்லாதது ஒன்றுதான் குறை. அவள் கொட்டாவி விட்டாள். மறுநாள் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி அதே கேள்வியைப் புளோயரிடம் கேட்டாள். அவர் உள்ளே போய்த் தலையணையிலிருந்து ஒரு சிட்டிகை இலவம்பஞ்சைப் பிடுங்கி, நூலில் கட்டி, ஒரு குச்சி நுனியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார்.

"இந்தா ஆத்தா. இப்பத் தெரியுதா?"

பஞ்சு ஆடியது. அவர் குச்சியை நகர்த்தாமல் தம் கட்டி நின்றார். பஞ்சு மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தது. பவி சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. என் மனைவி விஜயா கரண்டியோடு வெளியே வந்து, "எம்புட்டு நாளாச்சு இவ இப்பிடிச் சிரிச்சு" என்றாள். முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருவன் ஒரு சிட்டிகைப் பஞ்சிடம் தோற்றுப்போனான். பஞ்சு பறந்து பிள்ளையின் மூக்கில் போய்விடாதபடி அவர் அதை நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தார் என்பதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. கவனிக்க எனக்கு மனசும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் புளோயர்தான். மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் சுவர் தாண்டிப் போகும். மாத்திரை விழுங்க அடம்பிடிக்கிற பவி, "புளோயர் மாமா விழுங்கச் சொன்னாரு" என்றால் விழுங்குவாள். பள்ளிக்கூடத்தில் அறுபது பேர் என் வாயைப் பார்க்கிறார்கள் என்ற பெருமை எனக்கு வீட்டு வாசல்படி வரைக்கும்தான் செல்லுபடியானது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை, கையில் போனைப் பிடித்தபடி அவர் சுவர் ஓரம் ஓடி வந்தார்.

"சார், சேதி தெரியுமா? காத்த வச்சே இரும்ப வெட்டிர்றாங்க சார்!"

"பிளாஸ்மா" என்றேன் அலட்சியமாக. "காத்த அழுத்தி, அதுல மின்சாரத்தப் பாய்ச்சினா இரும்பு உருகி வழிஞ்சிரும். பொருளோட நாலாவது நிலை."

"நாலாவதோ அஞ்சாவதோ, நம்ம பட்டறைக் கொட்டாய்க்கு வரப் போகுது."

முப்பது வருடம் காற்றோடு குடித்தனம் நடத்தியவருக்கு, அதே காற்று இரும்பை வெட்டும் என்று தெரிந்த நாளில் தூக்கம் போய்விட்டது. தோட்டங்களில் அடுப்புத் தகடு, சல்லடைத் தகடு, பெயர்ப்பலகை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேசை போட்டுவிட்டால் மலையே நம் கையில் என்றார். கட்டில் அளவுக்கு ஒரு மேசை. அதற்குப் பலகை கிடையாது. இரும்புப் பட்டைகளைச் செங்குத்தாக அடுக்கியதுதான் தளம். அதன் மேல் தகட்டை வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரிக் கம்பி, கம்பியில் ஓடுகிற ஒரு பாலம், பாலத்தில் தொங்குகிற டார்ச். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் டார்ச் தானாகப் போய் வெட்டும். எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்தே படித்திருந்தார். வீடியோவில் பேசுகிற பாஷை அவருக்குத் தெரியாது. "பாஷை எதுக்கு சார்? கையத்தான பாக்கணும்?" என்றார்.

நான் பவியின் ஜன்னலைப் பார்த்தேன். நேராகப் போய்ச் சொன்னேன். "அண்ணே, பிள்ளைக்கு இழுப்பு இருக்கு. இரும்புப் புகை ஆகவே ஆகாது."

"அது எனக்குத் தெரியாதா சார்? மேசை அப்பறந்தேன். மொதச் சோலி புகையப் பிடிக்கிறது. மேசைக்கு அடியிலயே உறிஞ்சி, வடிகட்டி, குழாய்ல ஏத்தி விட்ருவேன். அது முடியாம டார்ச்ச வெளிய எடுக்க மாட்டேன்."

"ஒரு துளி இந்தப் பக்கம் வந்தாலும்..."

"வந்தா நானே மூக்க வச்சு உறிஞ்சிர்றேன். போதுமா?"

மறுநாள் காலை விஜயா என்னை உலுக்கி எழுப்பினாள். முகம் வெளுத்திருந்தது. "ஏங்க, வெளிய வந்து பாருங்க. செய்வெனை வச்சிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். மதில் சுவர் நெடுக ஆணி. ஆணிக்கு ஒரு நூல். நூலுக்கு ஒரு பஞ்சு. பவியின் ஜன்னலுக்கு நேரே மட்டும் மூன்று.

"ஆணி இருக்கு, நூலு இருக்கு, பஞ்சு இருக்கு. எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் விஜயா.

சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக் கொட்டகையின் சுவரைக் காட்டினார். சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தார். காலை, மத்தியானம், சாயங்காலம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அம்புக்குறி.

"காலைல வெயில் ஏறுனதும் காத்து மலைக்கு ஏறுது சார். உங்க பக்கமிருந்து எம் பக்கம். பயமில்ல. நாலு மணிக்கு மேல மலைக்காத்து எறங்கும். எம் பக்கமிருந்து உங்க பக்கம். அதுலதேன் கவனமா இருக்கணும். எட்டு நாளு பஞ்சப் பாத்துட்டுத்தேன் குழாய எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும்."

என் மாணவர்களின் ஆய்வக நோட்டு எதுவும் அந்தச் சுவர் அளவுக்குச் சுத்தமாக இருந்ததில்லை. இத்தனைக்கும் மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்பது நான் வருடாவருடம் நடத்துகிற பாடம். ஐந்து மதிப்பெண் கேள்வி. பாராட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "எழுத்துப் பிழை இருக்குண்ணே" என்றுதான் வந்தது.

சோதனை ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலையில் மூடிக் கிடந்த ஒரு ஸ்டோரிலிருந்து பழைய புளோயரையும் தகரக் குழாய்களையும் ஜீப்பில் ஏற்றி வந்து மேசைக்கு அடியில் பூட்டியிருந்தார். டீக்கடைக்காரர், நாலைந்து ஜீப் டிரைவர்கள், எதிர் வீட்டுப் பெண்கள் என்று கொட்டகை நிறையக் கூட்டம். நான் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் நின்றேன். பவி எங்கள் வீட்டில், சாத்திய ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால்.

"டார்ச்சு இல்ல, வெறும் புளோயர் மட்டுந்தேன். எல்லாரும் மேசைக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சு பாருங்க. காத்து எப்பிடி உள்ள போகுதுன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

காற்று உள்ளே போகவில்லை. வெளியே வந்தது. முப்பது வருடமாக அவர் கை பூட்டிய புளோயர்கள் எல்லாம் அடியிலிருந்து மேலே ஊதுகிறவை. கை அவரைக் கேட்காமல் அதே மாதிரி பூட்டிவிட்டது. அந்தக் குழாய்க்குள் பல வருடக் கரி, ஏலக்காய்த் தொலி, ஓர் எலிக்கூடு எல்லாம் இருந்திருக்கின்றன. குனிந்து பார்த்த எங்கள் முகத்துக்கு எல்லாம் ஒன்றாக வந்தன. ஒரு நொடி தெருவே பாயசம் மாதிரி மணந்தது. அடுத்த நொடி யாருக்கும் முகம் இல்லை. பல்லை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டீக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "அண்ணே, இரும்ப வெட்டப் போறீகளா, காயப்போடப் போறீகளா?"

கூட்டம் சிரித்தது. புளோயர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயைப் பார்த்தார். நான் இத்தனை நாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம் அது. கண்ணில் விழுந்த கரியைத் துடைத்துக்கொண்டு, வகுப்பறைக் குரலில் சொன்னேன். "காத்து கீழ போகணும்ணே. ஊதக் கூடாது, உறிஞ்சணும். குழாய மாத்திப் பூட்டுங்க."

இதைச் சொல்ல இயற்பியல் தேவையில்லை. அங்கே நின்ற எவரும் சொல்லியிருப்பார்கள். நான் முதலில் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் புளோயர் கையைத் தட்டினார். "பாத்தீகளா! இதுக்குத்தேன் படிச்ச ஆளு பக்கத்துல வேணுங்கிறது!" என்று தன் துண்டாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார். துண்டும் கரி. அதனால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை.

மத்தியானம் பவி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நீதான் கண்டுபுடிச்சியா? புளோயர் மாமா சொன்னாரு."

அந்த ஒரு வரியில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்குத்தான் போனேன். குழாய் திரும்பியது. மேசைக்கு அடியில் சரிவான தகரப் பெட்டி வந்தது. நெருப்புப் பொறி வடிகட்டி வரைக்கும் போகாமல் நடுவிலேயே முட்டி விழுவதற்கு வளைந்து வளைந்து தகடுகள் வந்தன. எல்லாம் அவருடைய யோசனை. நான் பக்கத்தில் நின்று "ம்" என்றேன். மிச்சம் இருந்தது கூரைக்கு மேலே போகிற புகைக்குழாய் ஒன்றுதான்.

"மேக்கால காலி மனை ஓரம் கொண்டு போயி, தென்ன மரம் உசரத்துக்குத் தூக்கிரணும் சார்."

"மூணு வளைவு வருதேண்ணே. வளைவு கூடக் கூட இழுவை குறையும். மேசைக்கு நேரா மேல, கூரையத் தாண்டி அஞ்சடி போதும்."

"அங்கன வச்சா உங்க சுவரு பக்கமாச்சே?"

"காத்துதான் மலைக்கு ஏறுதே. நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

"பகல்ல சார். சாயங்காலம் எறங்குமே."

"சாயங்காலம் வேலை பாக்காதீங்க. மூணு மணியோட நிறுத்திருங்க. நான் கணக்குப் போட்டுத்தான்ணே சொல்றேன்."

நான் எந்தக் கணக்கும் போடவில்லை. வளைவு கூடினால் இழுவை குறையும் என்பது உண்மைதான். ஆனால் நான் அடித்துப் பேசியதற்குக் காரணம் அது இல்லை. ஒரு விஷயத்திலாவது அவர் கேட்க, நான் சொல்ல வேண்டும். அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம், "அது எங்கப்பா வச்சது" என்று பவி சொல்ல வேண்டும்.

அவர் மலையைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படிச்ச ஆளு. சார் சொன்னாச் சரிதேன்" என்றார்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. டார்ச் பற்றவைக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் மிரண்டு நின்றுவிடும். அதனால் முதலில் வெட்டிய மயிலுக்குத் தலை இல்லை. இரண்டாவது மயிலுக்குத் தலை மட்டும்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒட்டி ஒரு தோட்டக்காரரின் கேட்டில் மாட்டிவிட்டார். புகை மட்டும் சொன்னபடி கேட்டது. மேசைக்கு அடியில் இறங்கி, குழாயில் ஏறி, மலையைப் பார்த்துப் போனது. மூன்று மணி அடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சல்யூட் அடிப்பார்.

அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. மேடையில் வைக்கப் பள்ளியின் சின்னம், ஒரு விளக்கும் அதைச் சுற்றி வட்டமும், பெரிதாக வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். யாரும் கேட்காமலே நான் எழுந்து, "இரும்புலயே வெட்டிக் கொண்டு வர்றேன் சார். நாளைக் காலைல இங்க இருக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து.

புளோயர் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "சார், பஞ்சு திரும்பிருச்சு."

பஞ்சுகள் எல்லாம் வரிசையாக எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அஞ்சே நிமிசம்ணே. வெரசா வெட்டிரலாம். நாளைக்கு எம் மானமே போயிரும்."

"காலைல வெயில் ஏறுனதும் வெட்டித் தாறேனே சார்?"

"அந்நேரம் கரண்ட்டு இல்லாமப் போச்சுன்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆத்தா, ஜன்னலச் சாத்தும்மா!" பவி சாத்தினாள். டார்ச் பற்றியது. பாலம் ஓட ஆரம்பித்தது. தகட்டில் நீல வெளிச்சம் வட்டமாக நகர்ந்தது. நான் கொடுத்த படம், நான் வைத்த குழாய். என்னால் பொறுக்க முடியவில்லை. சுவர் ஓரம் போய்க் கையை ஆட்டினேன். "பவி! அப்பா படம் வெட்டுறாங்க, வந்து பாரு!"

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

புகை குழாயை விட்டுக் கிளம்பி ஒரு முழம் மேலே போனது. அங்கே நின்றது. பிறகு யாரோ தலையில் கை வைத்து அழுத்தியது போல வளைந்து, சுவரைத் தாண்டி, விலாசம் தெரிந்தது போல நேராக அந்த ஜன்னலுக்குள் போனது.

புளோயர்தான் முதலில் பார்த்தார். சுவிட்சை அடித்துவிட்டு மதில் சுவர் மேல் தாவினார். வயது ஐம்பத்தெட்டு. நான் கேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது ஜன்னல் சாத்தியிருந்தது. பவியைத் தரையில் உட்கார வைத்து, முன்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். விஜயா இழுப்பு மருந்துப் பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினாள். இன்னொரு தடவை. அடங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. தோள் இரண்டும் காதைத் தொட்டன. "அப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்து மட்டும் வந்தது.

நான் அவளைத் தூக்கினேன்.

அவருடைய ஜீப்பில் போனோம். அதன் ஹாரன் வேலை செய்யாது. போடிக் கடைத்தெரு முழுக்க, தலையை வெளியே நீட்டி, "பிள்ள, பிள்ள, வழி விடுங்கப்பு" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை வைத்தார்கள். கெட்ட புகைக்கு நல்ல புகை. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. அரை மணி நேரம் கழித்து பவி கண்ணைத் திறந்தாள். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் அவர். அவள் கை பிடித்திருந்தது கரி படிந்த அவருடைய கட்டைவிரலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

உயிர் வந்ததும் விஜயாவுக்குக் கோபம் வந்தது. "அந்தக் கொழாய யாரு அங்கன வைக்கச் சொன்னது? பொழுது சாயுற நேரத்துல யாரு வெட்டச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தேன் ஆத்தா" என்றார் புளோயர். "எம் புத்திதேன். சார் வேணாம்னுதேன் சொன்னாரு. நாந்தேன் கேக்கல."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இனிமே எங்க மொகத்துலயே முழிக்காதீங்க" என்றாள் விஜயா. அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் நின்றார். எங்களை வீட்டில் இறக்கிவிட ஜீப் வேண்டுமே என்றுதான் நின்றார்.

விடிந்ததும் அந்த ஐந்தடிக் குழாயைக் கழற்றினார். மேற்கே, காலி மனை ஓரம், மூன்று வளைவோடு, தென்னை மர உயரத்துக்குப் புதுக் குழாய் ஏறியது. வளைவில் இழுவை குறையாதபடி இன்னும் பெரிய புளோயர் ஒன்றை மலையிலிருந்து இறக்கினார். அதற்குப் பிறகு காலையோ மாலையோ, ஒரு துளிப் புகை எங்கள் பக்கம் வந்ததில்லை.

விஜயா சொன்னதை மற்றவர்களாக இருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். புளோயர் அப்படியே கடைப்பிடித்தார். முகத்தில் முழிக்கக் கூடாது என்றால் முகத்தைக் காட்டக் கூடாது, அவ்வளவுதானே என்று முடிவு செய்தார். தெருவில் விஜயா வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை அப்படி நின்றவரைத் திருடன் என்று நினைத்துப் பால்காரர் கேனைப் போட்டுவிட்டு ஓடினார். சுவர் ஓரம் வருவதென்றால் குனிந்தே வருவார். காலையில் சுவருக்கு மேல் ஒரு கை மட்டும் எழும்பும். கையில் குச்சி, குச்சியில் பஞ்சு. வெள்ளைப் பஞ்சு என்றால் பவி ஜன்னலைத் திறக்கலாம். தெருவில் எவனாவது குப்பை எரித்தால் சிவப்புத் துணி எழும்பும்.

"அந்தக் கையி யாருது?" என்பாள் விஜயா, தெரியாதது போல.

"எங் கையிதேன் ஆத்தா. மொகம் கீழ இருக்கு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

விஜயா உள்ளே போய்ச் சிரிப்பாள். ஆனால் பேச மாட்டாள். மீன் குழம்புக் கிண்ணமும் போகாது. அதைச் சரிசெய்ய என் வாயிலிருந்து ஒரு வரி போதும். ஒன்றரை வருடம் அந்தத் தெருவில் இருந்தேன். அந்த ஒரு வரி வரவில்லை. சொல்லிவிட்டால் பவி என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம் ஒரு பக்கம். அவர் இன்னும் உயர்ந்துபோவார் என்ற எரிச்சல் ஒரு பக்கம்.

தேனிக்கு மாற்றல் வந்து சாமான் ஏற்றிய நாளில், லாரிக்குப் பக்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். கண் மட்டும் தெரிந்தது. பவியின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

"புது வீட்டுக்குப் போனதும் மொதல்ல இத ஜன்னல்ல கட்டு ஆத்தா. ஒரு நாளு பாரு. பெறகு பாலக் காச்சச் சொல்லு."

பொட்டலத்தில் ஆணி, நூல், பஞ்சு. பஞ்சை நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தார். இந்தத் தடவை கவனித்தேன்.

நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையை விஜயா அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவள். ஆகையால் இங்கே எழுதுகிறேன். விஜயா, அந்தக் குழாயை அங்கே வைக்கச் சொன்னது நான். பொழுது சாயும்போது வெட்டச் சொன்னதும் நான். அவர் சாத்தச் சொன்ன ஜன்னலைத் திறக்க வைத்ததும் நான்தான். நீ இனி என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முகத்தை மூடிக்கொள்ள.

பவியின் ஜன்னலில் அந்தப் பஞ்சு இன்றும் தொங்குகிறது. அவளுக்கு இப்போது இழுப்பு அடிக்கடி வருவதில்லை. ஆனாலும் விடிந்ததும் அவள் எழுவதற்கு முன்னால் நான் போய்ப் பஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறக்கிறேன். மேற்கிலிருந்து, போடிப் பக்கமிருந்து காற்று வருகிற நாட்களில் மட்டும் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து வைக்கிறேன்.